55 ரூபாய் ஆட்டம்

ஜூலை 6, 2025, ஞாயிறு

இன்று ஆரம்பித்தாயிற்று. 3,000 ரூபாய், 200 ஆட்டம், அதற்கு மேல் ஒரு பைசா போடுவதில்லை. போனில் காசு வைத்து ஆடுகிற சீட்டாட்டம், போக்கர்தான், ஆனால் ஆறு பேர், ஒன்பது பேர் உட்காரும் மேசை இல்லை. ஹெட்ஸ் அப். எதிரே ஒரே ஒரு ஆள். ஆளுக்கு 1,500 சிப், அதாவது பந்தயம் வைக்கிற வில்லை. ஒருவர் கையில் 3,000-மும் சேர்ந்துவிட்டால் ஆட்டம் முடிந்தது. கால் மணி நேரம் ஓடும்.

நுழைவு 55 ரூபாய். 50 பரிசுக்கு, 5 கம்பெனிக்கு. ஜெயித்தவருக்கு 100. நூறு ஆட்டத்துக்கு 5,500 போகிறது என்றால் 55 ஆட்டம் ஜெயித்தால்தான் போட்ட காசு வரும். பாதிக்குப் பாதி ஜெயிக்கிறவன் நஷ்டக்காரன். ஈரோட்டில் ஆடிட்டர் ஆபீசில் 14 வருஷமாக டாலி தட்டுகிறேன், இது தெரியாமல் இறங்கவில்லை.

பணம் போட்டவுடன், 3,000-க்குள்ளேயே வரியும் அடக்கம் என்று 656.25 ஜிஎஸ்டியைப் பிரித்துக் காட்டியது. 2023 அக்டோபரிலிருந்து போடுகிற தொகை முழுதுக்கும் 28 சதவீதம். ஊராருக்கு நான் போடுகிற கணக்கை எனக்கு ஒருவன் போட்டுக் காட்டினான்! அதே தொகையை போனஸ் என்று திருப்பி வைத்தார்கள். ஆடலாம், அப்படியே வெளியே எடுக்க முடியாது.

பழைய டே-புக் ஒன்று கிடந்தது. 1 முதல் 200 வரை எண் போட்டுக் கோடு கிழித்துவிட்டேன். தேதி, நேரம், ஜெயம் தோல்வி, மீதி.

4 ஆட்டம், 3 ஜெயம். 80 ரூபாய் லாபம்.

ஜூலை 7, திங்கள்

வீட்டில் சொல்லாமல் ஆடுவது சரிப்படாது என்று சொல்லிவிட்டேன். “ஏனுங்க, ரம்மில பணத்த விட்டுட்டாங்கனு பேப்பர்ல வருதே, அதுதானுங்களா?” என்று கேட்டாள் மனைவி. அது இல்லை என்று வாயில் வந்துவிட்டது. யோசித்தால், சட்டத்துக்கு இரண்டும் ஒரே பெட்டிதான். ஆன்லைன் சூதாட்டத்தை ஆராய்ந்த நீதியரசர் சந்துரு குழு அறிக்கைக்குப் பிறகு வந்த தமிழ்நாட்டின் 2022 சட்டத்தில் ரம்மி, போக்கர் இரண்டையும் சேர்த்தே தடுத்தார்கள். 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் இரண்டையும் சேர்த்தே விடுவித்தது. இதையெல்லாம் அவளிடம் சொல்லவில்லை. நோட்டை மட்டும் காட்டினேன். “வாரா வாரம் நான் பாப்பேன்” என்றாள். சரி.

ஜூலை 9, புதன்

ஒரு கையை, அதாவது சீட்டுப் போட்டு ஆடிய ஒரு சுற்றை, எழுதி வைக்கிறேன்.

என்னிடம் கிளாவர் ராஜா, டைமன் 6. ஆறு பேர் மேசையில் யோசிக்காமல் போடுகிற குப்பை. இங்கே அது நல்ல கை, ஏனென்றால் எதிராளியிடம் ஏதோ இரண்டு சீட்டு, அவ்வளவுதான். 50 சிப் வைத்தேன், அவரும் அதே அளவு வைத்துச் சமன் செய்தார். நடுவில் இரண்டு பேருக்கும் பொதுவாக மூன்று சீட்டு: ஏஸ், 8, 3. எனக்கு ஒன்றும் இல்லை. அவர் பந்தயம் வைக்காமல் தட்டிவிட்டார். நான் 40 வைத்தேன். ஐந்து விநாடி கழித்துச் சீட்டைக் கீழே போட்டு விலகிவிட்டார்.

ஹெட்ஸ் அப்பின் சூட்சுமம் முழுக்க இதில் இருக்கிறது. ஜோடி இல்லாத இரண்டு சீட்டு வைத்திருப்பவருக்கு அந்த மூன்று சீட்டில் ஜோடியாவது சேர்வது ஏறத்தாழ மூன்றில் ஒரு தடவைதான். பெரும்பாலும் இரண்டு பேர் கையிலும் ஒன்றும் இருக்காது. இரண்டு வெறுங்கைகளில் யார் முதலில் குரல் உயர்த்துவது என்பதே ஆட்டம். மாட்டுச் சந்தையில் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசுகிறவர்களைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இது புதுசில்லை.

அடுத்த ஆட்டத்தில் இதே வேலையை நான்கு கை தொடர்ந்து செய்தேன். நாலாவது கையில் திருப்பி அடித்து என் பாதி சிப்பை வாங்கிக்கொண்டார்.

ஜூலை 11, வெள்ளி

ஜிஎஸ்டிஆர்-1, விற்பனைக் கணக்குத் தாக்கலுக்குக் கடைசி நாள். ஆட்டம் இல்லை. சாப்பாடும் இல்லை.

ஜூலை 16, புதன்

நேற்று வரை 31 ஆட்டம், 19 ஜெயம், 195 லாபம். நமக்கு இது வரும்போல என்று நினைத்துக்கொண்டுதான் இன்று உட்கார்ந்தேன்.

முதல் ஆட்டத்திலேயே இரண்டு ஏஸ் வந்தது. 221 கைக்கு ஒரு தடவை வருவது. 250 வைத்தேன். எதிராளி மொத்தத்தையும் தள்ளினார். நானும் தள்ளினேன். அவர் காட்டியது ஆர்ட்டின் 7, ஆர்ட்டின் 4. ஐந்துக்கு நான்கு தடவை நான் ஜெயிக்க வேண்டிய இடம். விழுந்தது 7, 7, 2. அவரிடம் மூன்று 7 சேர்ந்துவிட்டது.

அதோடு எழுந்திருக்க வேண்டும். எழவில்லை. நோட்டில் நேரம் இருக்கிறது: 10.04, 10.12, 10.19, 10.23, 10.31, 10.36. கால் மணி நேர ஆட்டம் என்று நானே எழுதினேன், 10.19-க்கு ஆரம்பித்தது நான்கு நிமிஷத்தில் முடிந்திருக்கிறது. கையெழுத்துகூட மாறிவிட்டது. 32-வது வரி குண்டு குண்டாக இருக்கிறது, 37-வது வரி மருந்துச் சீட்டு.

ஆறும் தோல்வி. 330 ரூபாய். 37 ஆட்டம், 19 ஜெயம், 135 நஷ்டம்.

தொகை பெரிதில்லை. ஆனால் 34-வது ஆட்டத்தில் 9, 2 வைத்துக்கொண்டு மொத்தத்தையும் தள்ளியவன் யார்? அவனை எனக்குத் தெரியவே தெரியாது.

ஜூலை 18, வெள்ளி

புது விதி: இரண்டு தொடர்ந்து தோற்றால் அன்றைக்கு அவ்வளவுதான். இன்னொன்று, 11.40-க்கு மேல் புது ஆட்டம் கிடையாது. அரசு விதிப்படி நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை தமிழ்நாட்டில் காசு ஆட்டம் எப்படியும் மூடல். ஜூன் மாதம் உயர் நீதிமன்றமும் அது செல்லும் என்று சொல்லிவிட்டது. பெரியவர்கள் தூங்கும் நேரத்தை அரசாங்கமா தீர்மானிப்பது என்று அப்போது ஆபீசில் வாதம் செய்தேன். 16-ம் தேதிக்குப் பிறகு அந்த வாதத்தை நான் எடுப்பதில்லை.

ஜூலை 27, ஞாயிறு

எருமை படம் வைத்திருக்கிற ஒருவர் அடிக்கடி மாட்டுகிறார். இன்று மூன்றாவது தடவை. அவரிடம் ஒரு பழக்கம் கண்டுபிடித்தேன். கையில் ஒன்றும் இல்லாவிட்டால் சட்டென்று பந்தயம் வைப்பார். நல்ல கை என்றால் நான்கைந்து விநாடி எடுப்பார், எவ்வளவு கேட்டால் கொடுப்பான் என்று கணக்குப் போடுவார்போல. முகம் தெரியாத ஆட்டத்தில் முகம் இதுதான்.

இன்று சட்டென்று 300 வைத்தார். வெறும் ஒரு ஜோடி 5-ஐ வைத்துக்கொண்டு சமன் செய்தேன். அவரிடம் ராணி, 10, ஒன்றும் சேரவில்லை. அந்த 300-ஐவிட, அவர் அடுத்த கையில் நெடுநேரம் ஒன்றும் செய்யாமல் இருந்ததுதான் எனக்குச் சந்தோஷம்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. பவானியில் மாமனார் வீடு. கூடுதுறைப் பக்கம் போக முடியாத கூட்டம். எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம், தயிர் சாதம் என்று சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் சாய்ந்தபோது மச்சினன் வந்தான். “மச்சான், 55-ல என்ன வரும்? 5,500 ஆட்டம் இருக்குதே, அதுல போடுங்க, ஒரே நாள்ல எடுத்துடலாம்.”

“மாப்ளே, 55-லயே ஆறு தடவ தொடர்ந்து விட்டேன். 5,500-ல அது எவ்வளவுன்னு பெருக்கிச் சொல்லு.”

பெருக்கினான். போனைப் பைக்குள் வைத்துக்கொண்டான்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

96 ஆட்டம், 53 ஜெயம். போனது 5,280, வந்தது 5,300. ஒரு மாசத்து லாபம் 20 ரூபாய். வீட்டில் நோட்டைப் பார்த்துவிட்டு, “நைட்டு டீக்குக் கட்டுமுங்களா?” என்றாள். கட்டாது.

இருந்தாலும் 55.2 சதவீதம் என்று பார்த்ததும் தலை கனத்தது. அப்புறம் பூவா தலையா ஞாபகம் வந்தது. 100 தடவை சுண்டினால் 45 விழுந்தாலும் 55 விழுந்தாலும் நாணயத்தில் குறை இல்லை. நான் அந்த நாணயமாகவே இருக்கலாம். 2017 ஜனவரியில் பிட்ஸ்பர்க்கில் லிப்ரேட்டஸ் என்ற நிரலை ஹெட்ஸ் அப்பில் நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்களோடு மோதவிட்டார்கள். யார் தேவலை என்று தீர்மானிக்க 20 நாளில் 1,20,000 கை ஆடினார்கள். நிரல்தான் ஜெயித்தது. ஆட்டத்துக்கு முப்பது கை என்று வைத்தாலும் நான் ஆடியது 3,000-க்குப் பக்கம். இதை வைத்து என்னைப் பற்றி நானே முடிவு கட்டினால், இரண்டு பில்லைப் பார்த்துவிட்டு வருஷக் கணக்கில் கையெழுத்துப் போடுகிற கதைதான்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

இந்தப் பத்து நாளில் 16 ஆட்டம், 7 ஜெயம். 112-வது ஆட்டம் எருமைக்காரரோடு. ரிவர் என்கிற கடைசிப் பொதுச் சீட்டு விழுந்ததும் சட்டென்று மொத்தத்தையும் தள்ளினார். நோட்டைப் பார்க்கவே தேவையில்லை, ஒரு ஜோடி 8-ஐ வைத்துக்கொண்டு சமன் செய்தேன். ஒரே எண் மூன்று, இன்னொரு எண் இரண்டு சேர்ந்த ஃபுல் ஹவுஸ் காட்டினார். நான் அவரைப் படித்ததை அவர் படித்துவிட்டார். ஜூலை 27-ம் தேதி அவர் யோசித்துக்கொண்டிருந்தது இதைத்தான்.

ஆகஸ்ட் 20, புதன்

ஜிஎஸ்டி 3பி தாக்கலுக்குக் கடைசி நாள். சைட் சுற்றிக்கொண்டே இருந்தது. ஆபீஸ் பையன் போனை நீட்டினான். காசு வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டம் அத்தனையையும் தடுக்கும் மசோதா, பகலில் அறிமுகம், சாயங்காலம் மக்களவையில் நிறைவேற்றம். திறமையா அதிர்ஷ்டமா என்ற கேள்வியே இனி இல்லை, காசு இருந்தால் கூடாது. நடத்துகிறவர்களுக்கு மூன்று வருஷம் வரை சிறை, ஒரு கோடி வரை அபராதம். ஆடுகிறவர்களுக்குத் தண்டனை இல்லை. வேலை முடிந்து வீட்டுக்கு வரும்போது மணி 11.50. என் விதிப்படியே ஆட முடியாது.

ஆகஸ்ட் 22, வெள்ளி

நேற்று மாநிலங்களவை, இன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல். செயலியைத் திறந்தால் மேசை எதுவும் இல்லை, பணத்தை எடுத்துக்கொள்ளலாம் என்ற அறிவிப்பு மட்டும். 2,840 ரூபாய். எடுக்கச் சொல்லிக் கொடுத்துவிட்டேன்.

கணக்கு முடித்தேன். 112 ஆட்டம், 60 ஜெயம், 52 தோல்வி. எதிராளிகளிடமிருந்து நான் வாங்கியது நிகரமாக 400. கம்பெனிக்கு ஆட்டத்துக்கு 5 வீதம் 560. நஷ்டம் 160. எட்டு ஆட்டம் அதிகம் ஜெயித்தும் நஷ்டம்.

113 முதல் 200 வரை கோடு கிழித்தபடி வெறுமனே கிடக்கிறது. எருமைக்காரரோடு மொத்தம் ஏழு ஆட்டம், அவருக்கு 4, எனக்கு 3. எந்த ஊர்க்காரர் என்றுகூடத் தெரியாது.