மெட்டில் நின்று திரும்பிவிடாதீர்கள்

தேனிப் பக்கம் கணவாய் என்று யாரும் சொல்லமாட்டார்கள், மெட்டு என்பார்கள். போடிமெட்டு, கம்பம்மெட்டு, ராமக்கல்மெட்டு, சாக்குலூத்துமெட்டு. கம்பம் பள்ளத்தாக்கில் நின்று மேற்கே பார்த்தால் சுவர் எழுப்பியது மாதிரி மலை நிற்கும். அதில் எங்கெல்லாம் ஏறி அந்தப் பக்கம் இறங்க வழி இருக்கிறதோ அங்கெல்லாம் ஒரு மெட்டுப் பெயர் கிடக்கும். எங்கள் பெரியம்மா வாழ்க்கைப்பட்டது அங்கே தேவாரம் என்ற ஊரில். சின்ன வயதில் லீவுக்குப் போகும்போதெல்லாம் மொட்டை மாடியில் படுத்துக்கொண்டு அந்தச் சுவரைப் பார்த்திருக்கிறேன், அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று கேட்டுக்கேட்டு அவரை நச்சரித்திருக்கிறேன்.

இதுவரை ஒரு மெட்டை பைக்கிலும், ஒன்றை நடந்தும், இரண்டைக் காரிலும் கடந்தாயிற்று. மூன்று பயணங்களையும் பற்றி எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் ஒன்றுதான். உச்சியில் படம் எடுத்துக்கொண்டு, டீ குடித்துவிட்டு, வந்த வழியே திரும்பிப் போகிறவர்களை ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன். பார்க்கும்போதெல்லாம் மனசு கேட்கமாட்டேன் என்கிறது. தயவுசெய்து அந்தப் பக்கம் கொஞ்சமாவது இறங்கிப் பாருங்கள்.

போடிமெட்டுக்கு நானும் சித்தி பையனும் ஆகஸ்ட் மாதம் ஒரு சனிக்கிழமை போனோம். போடியில் விடிகாலை ஐந்தரைக்கே டீக்கடைகள் திறந்திருந்தன, கடைக்குக் கடை ஜீப் நின்றது. ஒவ்வொரு ஜீப்பிலும் தலையில் துண்டு கட்டிய பெண்கள் தூக்குவாளியோடு நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போகிறவர்கள். காலையில் மலையேறி கேரளாவில் வேலை பார்த்துவிட்டுச் சாயங்காலம் தமிழ்நாட்டில் வந்து உலை வைக்கிறார்கள். நாம் ஆசையாகப் பார்க்கப் போகிற சாலை அவர்களுக்குத் தினசரி வேலைக்குப் போகிற வழி. அதனால் ஒன்று சொல்கிறேன், மேலே ஏறும்போது பின்னால் ஜீப் வந்தால் ஒதுங்கி வழி விட்டுவிடுங்கள்.

முந்தல் சோதனைச்சாவடி தாண்டியதும் ஏற்றம் ஆரம்பிக்கிறது. அங்கிருந்து மெட்டுக்கு 20 கி.மீ. போல, 17 கொண்டை ஊசி வளைவுகள். கீழே மாந்தோப்பும் இலவ மரங்களும், அப்புறம் காய்ந்த புதர்க்காடும் பாறையும். ஆகஸ்டில் போடியில் புழுக்கம்தான், மழை கிடையாது. தென்மேற்குப் பருவக்காற்று கொண்டுவருகிற மழையையெல்லாம் மலையின் மேற்குப் பக்கமே வாங்கிக்கொள்கிறது, இந்தப் பக்கத்துக்கு வருவது காற்றும் சாரலும்தான். இதைப் பள்ளிக்கூடத்தில் மழை மறைவுப் பிரதேசம் என்று படித்து மார்க்கும் வாங்கியிருக்கிறேன், ஆனால் அது என்னவென்று புரிந்தது பத்தாவது வளைவில் பைக்கை நிறுத்தி அண்ணாந்து பார்த்தபோதுதான். உச்சி விளிம்பைத் தாண்டி மேகம், பால் பொங்கி வழிகிற மாதிரி, எங்கள் பக்கம் வழிந்தது. வழிந்து கொஞ்சதூரம் இறங்கியதும் காணாமல் போனது. பின்னாலேயே அடுத்தது. கீழே இறங்க இறங்கக் காற்று சூடாகி ஈரம் கரைந்துவிடுகிறது. அரை மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம், இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

மெட்டு சுமார் 4,500 அடி உயரம். அங்கே டீக்கடை அக்கா எங்களைப் பார்த்ததுமே, "தம்பி, அந்தப் பக்கம் மேகம் இறங்கிக் கிடக்கு, ரோடு தெரியாது, செத்த நேரம் உக்காந்துட்டுப் போங்க" என்றார். உட்கார்ந்தோம். பக்கத்து மேசையில் இருந்தவர்கள் அவ்வளவுதான் என்று எழுந்து போடிக்கே திரும்பினார்கள். நாங்கள் முக்கால் மணி நேரம் கழித்துக் கேரளச் சோதனைச்சாவடியைத் தாண்டினோம். நூறு மீட்டர், அவ்வளவுதான் இருக்கும். சாலை நனைந்து கிடந்தது, பாறையெல்லாம் பாசி, ஓங்கி வளர்ந்த மரங்களுக்குக் கீழே ஏலச்செடி, காற்றில் பச்சை ஏலக்காய் வாசம். மலையேறும்போது வியர்த்துக்கொண்டிருந்த உடம்பு நடுங்கியது. ஒரே மலைதான், இந்தப் பக்கம் ஒரு நாடு அந்தப் பக்கம் ஒரு நாடு. ஆனால் பேச்சு மட்டும் மாறவில்லை, பூப்பாறைக் கடைகளில் பாதிப்பேர் தமிழ்தான் பேசினார்கள்.

அங்கிருந்து ஆனையிரங்கல் அணை, பெரியகானல், தேவிகுளம் வழியாக மூணாறு. மெட்டிலிருந்து மூணாறு வரைக்குமான 42 கி.மீ. சாலையை அகலப்படுத்திவிட்டார்கள், வண்டி வழுக்கிக்கொண்டு போகிறது. மலையை வெட்டிய இடங்களில் மழைக்காலத்தில் மண் சரியும், பாறை உருளும், அதனால் அடைமழையில் போகவேண்டாம். சின்னக்கானல் பக்கம் யானை நடமாட்டம் உண்டு, இருட்டியபிறகு பைக் வேண்டவே வேண்டாம். அரிக்கொம்பன் அந்தப் பகுதியில் திரிந்த யானைதான். 2023இல் பிடித்துப் பெரியாறு காட்டில் விட்டார்கள், அது ஒரே மாதத்தில் மலையைத் தாண்டி இந்தப் பக்கம் கம்பம் நகரத் தெருவுக்குள் வந்து நின்றது. யானைக்கும் மெட்டுகள் தெரிந்திருக்கின்றன.

இறங்கும்போது எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். எஞ்சின் வண்டியைப் பிடித்துக்கொள்ளும். நியூட்ரலில் விட்டு பிரேக்கை மட்டும் நம்பினால் பாதி மலையில் பிரேக் சூடேறி பிடிக்காமல் போகும். எங்களுக்கு முன்னால் போன ஒரு காரில் கருகல் நாற்றம் எங்கள் மூக்கு வரை வந்தது.

நடந்து கடந்தது குரங்கணி வழி. 2013 பிப்ரவரியில், வனத்துறை அனுமதியோடு, உள்ளூர்க்காரர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு போனோம். குரங்கணியிலிருந்து சென்ட்ரல் ஸ்டேஷன், அங்கிருந்து டாப் ஸ்டேஷன். ரயில் இல்லாத மலையில் இதென்ன ஸ்டேஷன் என்று ஏறும்போது எனக்கும் தோன்றியது. மூணாறு தேயிலையை வெளியே கொண்டுபோக 1902இல் குண்டளை பள்ளத்தாக்கில் ஒற்றைத் தண்டவாளம் போட்டிருக்கிறார்கள், பெட்டிகளை மாடுகள் இழுத்தன. 1908இல் அதைச் சிறிய ரயில் பாதையாக மாற்றினார்கள். அது வந்து முடிகிற இடம் டாப் ஸ்டேஷன். அங்கிருந்து ரோப்வேயில் தேயிலைப் பெட்டிகள் கீழே கொட்டகுடிக்கு இறங்கும், பிறகு வண்டிகளில் போடி, அப்புறம் தூத்துக்குடி, கப்பல். 1924 பெருவெள்ளம் அந்த ரயிலை அடித்துக்கொண்டு போய்விட்டது, பெயர் மட்டும் மலையில் தங்கிவிட்டது. வழியில் துணைக்கு வந்தவர் ஒரு இடத்தில் உட்காரவைத்து, "இந்தா, இப்படித்தான் பெட்டி தொங்கிக்கிட்டே இறங்கும்னு எங்க தாத்தா சொல்வாரு" என்று கையை நீட்டிக் காட்டினார். நான் அந்த வெற்று வானத்தையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த வழியைப் பற்றி எழுதும்போது 2018 மார்ச் 11ஐச் சொல்லாமல் இருக்க முடியாது. காட்டுத்தீயில் சிக்கி 20க்கும் மேற்பட்ட மலையேற்றக்காரர்கள் இறந்துபோனார்கள். நாங்கள் போன பிப்ரவரியிலேயே புல் எல்லாம் வைக்கோல் மாதிரிதான் இருந்தது, இடுப்பு உயரம், கை பட்டால் நொறுங்கியது. தீ மேட்டுப்பக்கம் நோக்கி மனிதன் ஓடுவதைவிட வேகமாக ஏறும். அன்று எனக்கு அது தெரியாது, புல்லில் படுத்துக்கொண்டு வானம் பார்த்தேன். கோடையில் புல்வெளி மலைகளில் நடக்காதீர்கள். அனுமதி இல்லாமல் எந்தப் பருவத்திலும் நடக்காதீர்கள், யாராவது தெரிந்தவர் இருக்கிறார் என்று அழைத்தாலும் சரி.

குமுளிக்கு அம்மா அப்பாவோடு காரில் போனேன். கார்த்திகை மாதம், ஐயப்ப பக்தர்கள் கூட்டம். அந்தச் சமயத்தில் போலீசார் போகிற வண்டிகளைக் கம்பம்மெட்டு வழியாக ஏற்றி, வருகிற வண்டிகளைக் குமுளி வழியாக இறக்குவது உண்டு, அதனால் ஒரே நாளில் இரண்டு மெட்டும் கிடைத்தது. குமுளி மலைச்சாலை சின்னதுதான், ஏழெட்டு கிலோமீட்டருக்குள் லோயர் கேம்ப் வந்துவிடும். ஆனால் அப்பா வண்டியை ஓரம் கட்டச் சொன்ன இடம் ஒன்று உண்டு. மலையிலிருந்து நான்கு ராட்சதக் குழாய்கள் மின்நிலையத்துக்கு இறங்குகிற இடம். பென்னிகுக் கட்டி 1895இல் முடிந்த முல்லைப்பெரியாறு அணையின் தண்ணீர், மலையைக் குடைந்து இந்தப் பக்கம் வந்து, கீழே நெல் வயலுக்குப் போகிறது. மேற்கே கடலுக்கு ஓடவேண்டிய ஆறு அது. அப்பா விவசாயக் குடும்பம். காரை விட்டு இறங்கி அந்தக் குழாய்களைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். பின்னால் வந்த வண்டிகள் ஹாரன் அடித்தன, அவர் திரும்பவில்லை.

அடுத்து எனக்கு இருப்பது சாக்குலூத்துமெட்டு. தேவாரத்திலிருந்து ஒத்தையடிப்பாதை. ரோடு போட்டுத் தரச்சொல்லி ஊர்க்காரர்கள் பல வருஷமாகக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், அது வந்தால் தோட்ட வேலைக்குப் போகிறவர்கள் போடியையும் கம்பத்தையும் சுற்றவேண்டியதில்லை. பெரியம்மா கல்யாணமான புதிதில் அந்தப் பாதையில்தான் ஏறி ஏலக்காட்டு வேலைக்குப் போயிருக்கிறார், விடியுமுன் கிளம்பி, தலையில் அரிசி மூட்டையோடு. இத்தனை வருஷம் நான் கேட்டதற்கு ஒருநாளும் இதைச் சொன்னதில்லை. போனவாரம் நான் அனுமதிக்கு எழுதியிருக்கிறேன் என்றதும்தான் சொன்னார். எங்கே மூச்சு வாங்கும், எந்தப் பாறையில் சுமையை இறக்கி வைக்கலாம், எங்கே அட்டை கடிக்கும் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தவர், கடைசியில், "மேல ஏறினதும் ஒரு ஊத்து இருக்கும்யா, அதுல இன்னும் தண்ணி வருதான்னு பாத்துட்டு வந்து சொல்லு" என்றார்.