ஏ சைடில் ஏழாவது பாட்டு

2024 மே 2, வியாழன்

பாடகி உமா ரமணன் நேற்று போய்விட்டார். பாலை அடுப்பில் வைத்த நேரத்தில் மகள் வந்து சொன்னாள். அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஒரு நாள்கூட நேரில் பார்த்ததில்லை. ஆனாலும் பதினேழு வயதில் என் அறையில் என்னோடு இருந்த குரல் அது.

1986-இல் கோவில்பட்டியில், கேட்ட பாட்டுகளைக் கேசட்டில் பதிந்து தரும் ஒரு ரெக்கார்டிங் கடைக்கு நான் எழுதிக் கொடுத்த லிஸ்ட் இன்னும் மனப்பாடம். பூங்கதவே தாழ் திறவாய், செவ்வந்திப் பூக்களில், கஸ்தூரி மானே, பொன்மானே கோபம் ஏனோ... லிஸ்டை வாங்கிப் பார்த்த அண்ணன், "என்ன பிள்ள, ஒரே ஆள் குரலாவுல்லா இருக்கு?" என்றான். ஆமாம், அதுதான் வேண்டும் என்றேன்.

மே 5, ஞாயிறு

அம்மாவைப் பார்க்க ஊருக்கு வந்திருக்கிறேன். நேற்று அக்கினி நட்சத்திரம் ஆரம்பித்தது, பரணில் தலையை நீட்ட முடியவில்லை. இருந்தும் கேசட் கிடைத்துவிட்டது. அட்டையில் என் கையெழுத்து, ஓரத்தில் மஞ்சளாக ஒரு கறை. டேப் ரிக்கார்டருக்குள் பெல்ட் உருகித் தார் மாதிரி ஒட்டிக் கிடக்கிறது. பஜாரில் ரேடியோ ரிப்பேர் பார்க்கும் பெரியவரிடம் கொடுத்தேன். "பெல்ட்டு கிடைச்சா போட்டுத் தாரேன், தாயி" என்றார்.

மே 11, சனி

பாடுகிறது!

ஏ சைடில் ஏழாவது பாட்டு, 'ஆனந்த ராகம் கேட்கும் காலம்'. 1981-இல் 'பன்னீர் புஷ்பங்கள்' படத்துக்கு இளையராஜா போட்டது. பள்ளிக்கூடப் பிள்ளைகளின் காதல் கதை அது, நானும் அப்போது பள்ளிக்கூடப் பிள்ளைதான். ராகம் சிம்மேந்திரமத்யமம் என்று பிறகு ஒரு பாட்டு டீச்சர் சொல்லித்தான் தெரியும். எனக்கு அன்றைக்குத் தெரிந்ததெல்லாம், வயலின்கள் அப்படி ஓடி வர, அந்தக் குரல் மட்டும் பதறாமல் வந்து நிற்பது. கதை எழுத உட்காரும்போதெல்லாம் அதைத்தான் முதலில் கேட்பேன். உள்ளே எவ்வளவு கொதித்தாலும் வாக்கியம் பதறக் கூடாது என்பதை எந்த எழுத்தாளரிடமும் நான் கற்கவில்லை, இந்தப் பாட்டில்தான் கற்றேன். முதல் இடையிசை மாதிரி இரண்டாவது இருக்காது என்பதும் அப்படித்தான். பத்தியிலிருந்து பத்திக்குப் போகையில் போன வழியிலேயே போகாதே என்று கை தானாக நிற்கும்.

என் கேசட்டில் அந்தப் பாட்டு முழுசாக இல்லை. அறுபது நிமிஷ டேப்பில் ஒரு பக்கத்துக்கு முப்பது நிமிஷம். இரண்டாவது சரணம் முடிந்து பல்லவிக்குத் திரும்பப் போகும் இடத்தில் 'டக்'. பட்டன் மேலே எழும்பிவிடும். இன்றைக்கும் அதே இடத்தில் எழும்பியது. சத்தம் வருவதற்கு முன்பே என் விரல் பட்டனுக்குப் போயிருந்தது.

மே 14, செவ்வாய்

வேலை ஒன்றும் ஓடவில்லை. அம்மாவுக்குக் கண் மருந்து விட்டேன், பி சைடு கேட்டேன்.

மே 19, ஞாயிறு

நல்ல மழை. மகள் போனில் அந்தப் பாட்டை முழுசாகப் போட்டாள். வெளியில், கல்யாண வீடுகளில், பஸ்ஸில் எத்தனையோ முறை முழுசாகக் கேட்டிருப்பேன், ஆனாலும் என் பாட்டு 'டக்'கோடு முடிவதுதான். பல்லவி திரும்பி வந்தபோது, நன்றாகத்தான் இருந்தது, ஆனால் வேறு யாருடைய வீட்டுக்குள்ளோ நுழைந்துவிட்ட மாதிரி இருந்தது. என் கதைகள் திடீரென்று நிற்கின்றன என்று முப்பது வருஷமாகச் சொல்கிறார்கள். திரும்பி வராத பல்லவியைக் கேட்டு வளர்ந்தவள் வேறு எப்படி முடிப்பேன்?

சாயங்காலம் அண்ணன் பேசினான். கேசட் பாடுகிற விஷயத்தைச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"கடைக்கார அண்ணாச்சி தொண்ணூறு டேப்பு வாங்கிக்கன்னுதான் சொன்னாரு பிள்ள. நீ தந்த காசும் அதுக்குச் சரியா இருந்துச்சு. நாந்தான் அறுபது போதும்னுட்டேன்."

"மிச்சக் காசு?"

"புரோட்டா வாங்கியாந்தேம்லா. நீயும்தான் தின்ன. சால்னாப் பொட்டலம் கேசட்டு மேலயே ஒழுகிட்டுன்னு அழுதியே, ஞாபகமில்லயா?"

போனை வைத்த பிறகு அட்டையை எடுத்து அந்த மஞ்சள் கறையை முகர்ந்து பார்த்தேன். பழைய காகித வாசம்தான் வந்தது.