நாலு பேரில் ஒருத்தியாக

ஐந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிறு. ஆராதனை முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகும் கடைசி வரிசையில் ஒரு பெண் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தாள். மடியில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. "எங்க போறதுன்னு தெரியலக்கா" என்றாள். அடிக்கிற கணவனை விட்டு வந்திருந்தாள்.

அன்றைக்கே பெண்கள் காப்பகம் ஒன்றில் இடம் கிடைத்தது. போதகர் என்னைக் கூப்பிட்டு, "நீங்க கூட இருந்து பாத்துக்குங்கம்மா" என்றார். கூட இருப்பது என்றால் என்ன என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

ராத்திரி இரண்டு மணிக்குப் போன் வந்தாலும் எடுத்தேன். பணம் கேட்டபோதெல்லாம் கொடுத்தேன். அவளுடைய விண்ணப்பங்களை நானே நிரப்பினேன், வக்கீலிடம் அவளுக்குப் பதிலாக நானே பேசினேன். போகப்போக என்னைக் கேட்காமல் அவள் ஒரு முடிவும் எடுக்காமல் ஆனாள். அதை நான் அன்பு என்று நினைத்திருந்தேன். ஏழாம் மாதம் என் உடம்பு படுத்துவிட்டது. இரண்டு நாள் போனை அணைத்து வைத்தேன். மூன்றாம் நாள் ஒரே ஒரு செய்தி வந்திருந்தது: "நீங்களும் அவ்வளவுதானாக்கா." அதன்பின் மூன்று வாரம் அவள் சபைக்கு வரவில்லை.

போதகரின் மனைவி என்னைப் பார்க்க வந்தார். ஆறுதல் எதுவும் சொல்லாமல் மாற்கு 2-ஆம் அதிகாரத்தைத் திறந்து, "இந்தத் திமிர்வாதக்காரன எத்தன பேர் தூக்கிட்டு வந்தாங்க?" என்று கேட்டார். நாலு பேர் என்றேன். "நீங்க ஒத்த ஆளா தூக்கப் பாத்தீங்க." இயேசு இருந்த வீட்டின் கூரையைப் பிரித்து, நடக்க முடியாதவனை உள்ளே இறக்கிய கதையாக மட்டுமே அந்தப் பகுதி என் மனதில் இருந்தது. எண்ணிக்கை கண்ணில் பட்டதே இல்லை. செத்த பிறகு தூக்க நாலு பேர் வேண்டும் என்று சொல்கிறோமே, உயிரோடு இருக்கும்போதும் அப்படித்தான்.

இதற்கு ஒரு முன்மாதிரியும் கிடைத்தது. 1994-இல் கனடாவின் ஹாமில்டனில் மெனோனைட் என்ற கிறிஸ்தவப் பிரிவின் போதகர் ஒருவர், பாலியல் குற்றத்துக்குத் தண்டனை முடித்து வெளியே வந்த ஒருவரைச் சுற்றி சபையார் சிலரைச் சேர்த்தார். பின்னாளில் அது ஒருவரைச் சுற்றி நாலு முதல் ஆறு தன்னார்வலர் என்ற முறையாகப் பல நாடுகளுக்குப் பரவியது. எங்கள் சூழ்நிலை முற்றிலும் வேறு. ஆனாலும் அந்த வட்டத்தை எடுத்துக்கொண்டோம்.

அவளிடம் கேட்டு, அவள் சம்மதித்த பெண்களை மட்டும் சேர்த்தோம். வாரம் ஒரு முறை ஒன்றரை மணி நேரம் நான் அவளைச் சந்திப்பேன். வழக்கு வேலைகளுக்கு ஒரு அக்கா கூடப் போவார், ஆனால் பேசுவது அவள்தான். குழந்தையை ஒருவர் பார்த்துக்கொள்வார். நாலாமவர் அவளுக்காக அல்ல, எங்கள் மூவருக்காக. மாதம் ஒரு தடவை எங்களை உட்கார வைத்து, யார் களைத்திருக்கிறோம், யார் எல்லை மீறுகிறோம் என்று கேட்பார். ஒரு சபை இதில் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால், அந்த நாலாம் ஆளை முதலில் தேடுங்கள் என்பேன்.

பணம் தனிப்பட்ட கையிலிருந்து போகக்கூடாது, சபை நிதியிலிருந்து மட்டும் என்று வைத்தோம். இரண்டு வருஷமாவது இருக்க முடிகிறவர்தான் வர வேண்டும் என்றும் வைத்தோம். இளையோர் வழிகாட்டுதல் பற்றி 2002-இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரு வருஷத்துக்கு மேல் நீடித்த உறவுகளே அதிகம் பலன் தந்தன. மூன்று மாதத்துக்குள் முறிந்தபோது அந்தப் பிள்ளைகளின் தன்மதிப்பு முன்பைவிடக் குறைந்தது. இடையில் விடுவது தொடங்காமல் இருப்பதைவிடக் கேடு என்பதை அவளுடைய அந்தச் செய்தியே எனக்குச் சொல்லிவிட்டது.

இரகசியம் பற்றியும் முதலிலேயே பேசினோம். உன் உயிருக்கோ குழந்தைக்கோ ஆபத்து என்றால் மறைக்க மாட்டோம், மற்றபடி உன் அனுமதியில்லாமல் எதுவும் வெளியே போகாது என்றோம். ஜெபக்குறிப்பாகக்கூடப் போகாது. "அந்தத் தங்கச்சிக்காக ஜெபிங்க, பாவம், அவ புருஷன்..." என்று தொடங்கும் ஜெபக்குறிப்புகள் எத்தனை பேரைச் சபையைவிட்டே துரத்தியிருக்கின்றன!

மன அழுத்தத்துக்கு அவள் மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தாள். விசுவாசம் இருந்தால் அதை நிறுத்து என்று யாரோ சொல்ல, நிறுத்தினாள். ஒன்பது நாள் சரியாகத் தூங்கவில்லை. நான் அவளோடு மருத்துவரிடம் போனேன். அடுத்த வாரம் போதகர் பிரசங்கத்திலேயே, மருந்தைப் பற்றி மருத்துவர்தான் சொல்ல வேண்டும், விசுவாசிகள் சொல்லக்கூடாது என்றார். சூரைச்செடியின் கீழே சாகக் கேட்ட தீர்க்கதரிசி எலியாவுக்கு முதலில் கிடைத்தது தூக்கமும், தேவதூதன் கொடுத்த அப்பமும் தண்ணீரும்தானே!

எனக்குப் பலம் தந்த இன்னொன்று, பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஜான் நியூட்டனுக்கும் கவிஞர் வில்லியம் கூப்பருக்கும் இருந்த நட்பு. 1773-இல் கூப்பர் மனம் உடைந்து விழுந்தபோது, போதகரான நியூட்டன் அவரைத் தன் வீட்டில் ஒரு வருஷத்துக்கும் மேல் வைத்திருந்தார். கூப்பர் முழுசாகக் குணமாகவே இல்லை. 1780-இல் நியூட்டன் லண்டனுக்கு மாறிப் போன பிறகும் கடிதம் நிற்கவில்லை. பலன் கண்ணில் படாத வாரங்களில் இதை நினைத்துக்கொள்வேன்.

அப்படி வாரங்கள் நிறைய இருந்தன. இரண்டாம் வருஷம் அவள் பழைய வீட்டுக்கே திரும்பிப் போனாள். சபையில் சிலர் கைகழுவச் சொன்னார்கள். நாங்கள் முதலில் காப்பகத்தாரிடம் யோசனை கேட்டோம். செய்தி அனுப்பினால் அவன் பார்க்கக்கூடும் என்றார்கள். வேதத்தையோ வழக்கையோ பற்றி ஒரு வார்த்தையும் இல்லாமல், வாரம் ஒரு தடவை "நல்லா இருக்கியாம்மா?" என்று மட்டும் கேட்டேன். பதினோராம் வாரம் பதில் வந்தது. அன்று சாயங்காலமே காப்பகத்தின் வண்டியோடு போய் அவளையும் குழந்தையையும் கூட்டிவந்தோம். ஏன் போனாய் என்று யாரும் கேட்கவில்லை.

அவளுக்கு வேலை கிடைத்ததும் சாட்சி சொல்ல மேடைக்கு அழைத்தார்கள். அவள் என் முகத்தைப் பார்த்தாள். "உனக்கு இஷ்டமா?" என்றேன். "இல்லக்கா." அதையே அவர்களிடம் சொல்லச் சொன்னேன். சொன்னாள். அந்த 'இல்லை'தான் அவள் சொன்ன சாட்சி என்று இன்றும் நம்புகிறேன்.

இப்போது மாதம் ஒரு முறைதான் சந்திக்கிறோம். போன வாரம் நான் காத்திருந்தபோது போன் வந்தது. "அக்கா, இன்னைக்கு வர முடியாது. பிள்ளை ஸ்கூல்ல மீட்டிங் இருக்கு, அடுத்த வாரம் பாப்போமா?" என்றாள். வராமல் இருக்கட்டுமா என்று அவள் கேட்கவில்லை.

சரிம்மா, அடுத்த வாரம் என்றேன்.