முடக்கத்தானுக்கு அட்டை

பிலடெல்பியாவுக்குக் குடிவந்த மூன்றாம் நாள், மாடிப்படியில் பச்சிலை கருகுவதுபோல ஒரு நெடி. யாரோ அடுப்பில் வைத்துவிட்டுத் தூங்கிவிட்டார்கள் என்று பதறி எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன். எழுபது வயதுப் பாட்டி, கையில் ஊன்றுகோல். "அது என் மருந்து" என்று சிரித்தபடி, ரேஷன் கார்டு காட்டுவதுபோல ஓர் அட்டையை நீட்டினார். கஞ்சா!

எனக்குக் கஞ்சா என்றால் தினசரியில் வரும் படம்தான்: மேசையில் அடுக்கிய பொட்டலங்கள், பின்னால் தலைகுனிந்த இரண்டு பேர், இருபுறமும் போலீஸ். இங்கே மூட்டுவலிப் பாட்டி.

பிலடெல்பியா இருக்கும் பென்சில்வேனியா மாநிலத்தில் கஞ்சாவை மருந்தாக அனுமதிக்கும் சட்டம் 2016-இல் வந்து, 2018 பிப்ரவரியில் விற்பனை தொடங்கியது. பட்டியலில் உள்ள நோய்க்குப் பதிவுபெற்ற மருத்துவர் சான்று தரவேண்டும்; அப்புறம்தான் அட்டை. வீட்டில் செடி வளர்க்கக் கூடாது. கஞ்சாப் பூவை வாங்கலாம், ஆனால் கொளுத்திப் புகைக்கக் கூடாது. சூடாக்கி ஆவியைத்தான் இழுக்க வேண்டும். மாடிப்படிக்கு இந்த நுணுக்கமெல்லாம் தெரியாது.

எனக்கு இன்னும் செரிக்காதது பெஞ்சமின் பிராங்க்ளின் பாலம். அதைத் தாண்டினால் பக்கத்து மாநிலம் நியூஜெர்சி. அங்கே 2022 ஏப்ரலிலிருந்து 21 வயதான யாரும் கடையில் வாங்கலாம், அட்டை கிட்டை எதுவும் வேண்டாம். வாங்கியதோடு பாலத்தில் திரும்பினால் குற்றம். சுங்கம் வாங்குவதும் திரும்பும்போதுதான்! ஒரே ஆறு, இக்கரையில் நோயாளி, அக்கரையில் வாடிக்கையாளர்.

நம்மைப் போல வெளிநாட்டிலிருந்து குடியேறியவர்களுக்கு அக்கரையும் பச்சை இல்லை. மாநிலம் அனுமதித்தாலும் கஞ்சா பயன்படுத்தியவருக்கு 'நன்னடத்தை' இல்லை என்று குடியுரிமையை மறுக்க இடமுண்டு என 2019-இல் குடியேற்றத் துறை எழுதியே வைத்துவிட்டது. என் முதுகுவலிக்குப் பாட்டி கொஞ்சம் தர முன்வந்தபோது கும்பிடு போட்டுவிட்டு ஓடிவந்தேன். அட்டை இல்லாதவருக்குக் கொடுப்பது அவருக்கும் குற்றம் என்பது பிறகுதான் தெரிந்தது.

இப்போது எல்லாம் பழகிவிட்டது என்றுதான் ஊரில் சொல்லிவைத்திருக்கிறேன். ஆனால் நெடி வந்தால் போதும், கோயில் மண்டபத்துச் சாமியார்களைத் தாண்டும்போது என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்து வேகமாக நடந்த அப்பாவின் விரல்கள் ஞாபகம் வந்துவிடும். வலிக்கும்.

போன வாரம், அம்மா கொடுத்தனுப்பிய முடக்கத்தான் பொடியில் கொஞ்சம் பொட்டலம் கட்டி, மூட்டுக்கு நல்லது என்று பாட்டியிடம் கொடுத்தேன். பிரித்துப் பார்த்தார். பச்சைப் பொடி. முகர்ந்தார். படியின் மேலும் கீழும் ஒருமுறை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"இதற்கு உன்னிடம் அட்டை இருக்கிறதா?"