பேசும் படமும் ஒரு திருவையாற்றுப் பெண்ணும்

பழைய ஹாலிவுட் நடிகைகளைப் பற்றித் தேடித் தேடிப் படிக்கும் கிறுக்கு எனக்கு உண்டு. 1927க்குப் பிறகு படம் பேச ஆரம்பித்ததும் அங்கே மௌனப் பட நட்சத்திரங்கள் பலர் குரல் எடுபடாமல் ஒதுங்கினார்கள், மேடையில் பாடிக்கொண்டிருந்தவர்களுக்கு வாழ்வு வந்தது. சரி, நம் பக்கம் அப்படி வாழ்வு வந்தவர் யார் என்று பார்த்தால், பக்கத்து ஊர்க்காரர்! டி.பி. ராஜலட்சுமி, 1911இல் திருவையாற்றில் பிறந்தவர்.

விவரம் தெரியாத வயதில் கல்யாணம். அது நிலைக்கவில்லை, அப்பாவும் போய்ச் சேர்ந்தார். அம்மாவோடு திருச்சிக்குப் போய், நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளின் ஆதரவில் நாடகக் கம்பெனியில் சேர்ந்து பாடத் தொடங்கினார். அக்கிரகாரத்துப் பெண் மேடையேறினால் அன்றைக்கு என்னென்ன பேசியிருப்பார்கள் என்று நம் ஊர்த் திண்ணைகளைத் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

1931 அக்டோபர் 31 அன்று தமிழின் முதல் பேசும் படமான 'காளிதாஸ்' அவர் நடிப்பில் வெளியானது. பம்பாயில் எடுத்த படம். ராஜலட்சுமி தமிழில் பேசுவார், எதிரில் இருப்பவர் தெலுங்கில் பதில் சொல்வார், அதைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை, திரை பாடுகிறது என்பதற்காகவே கூட்டம் அள்ளியது. காளிதாசன் கதையோடு சேர்த்துக் காந்தியின் ராட்டினத்தைப் பற்றி ஒரு பாட்டு, குறத்தி நடனம், தியாகராஜர் கீர்த்தனை எல்லாம் உண்டு!

எனக்குப் பிடித்த இடம் அந்தக் கீர்த்தனைதான். அந்தச் சமயத்தில் தியாகராஜருக்கு நடக்கும் திருவையாற்று ஆராதனையில் பெண்கள் பாடக்கூடாது. தியாகராஜர் சமாதிக்குத் தன் சொத்தை விற்றுக் கோயில் கட்டிய பாடகி பெங்களூர் நாகரத்தினம்மாவுக்கே இடம் இல்லை, அவர் பெண்களைத் திரட்டிச் சமாதிக்குப் பின்பக்கம் தனியாக ஆராதனை நடத்தினார். அப்படிப்பட்ட ஊரில் பிறந்த ஒருவர் சினிமாக் கொட்டகையில், டிக்கெட் வாங்கிய அத்தனை பேருக்கும் தியாகராஜரைப் பாடிக் காட்டிவிட்டார். நம் சபாக்காரர்கள் இதை ஏன் ஒரு தடவைகூடச் சொல்வதில்லை?

அப்புறம் 1936இல், தான் எழுதிய 'கமலவல்லி' நாவலை 'மிஸ் கமலா' என்று தானே தயாரித்து, இயக்கி, நடித்தார். அதே காலத்தில் ஹாலிவுட்டின் பெரிய ஸ்டுடியோக்களில் டோரதி ஆர்ஸ்னரை விட்டால் பெண் இயக்குநரைக் காண்பதே அரிது. 1964இல் ராஜலட்சுமி காலமானார். 'காளிதாஸ்' படச்சுருள் மிஞ்சவில்லை.

நாவலையாவது படிக்க ஆசை. யார் வீட்டுப் பரணிலாவது பழைய பிரதி இருந்தால் சொல்லுங்கள், கும்பகோணமோ மாயவரமோ, பஸ் ஏறி வந்துவிடுகிறேன். பத்திரமாகத் திருப்பித் தருவேன்.