மூன்று 9 வைத்துக்கொண்டு சீட்டைக் கவிழ்த்த கை

போக்கர் சீட்டாட்டத்தில் (டெக்சாஸ் ஹோல்டம்) எவ்வளவு கட்டுவது, எப்போது விலகுவது என்று மூன்று மாதமாக எனக்குப் பிடிபடாத ஒரு விஷயம் போன ஞாயிறு ஏற்காட்டில் கைகூடியது. பாட் (நடுவில் சேர்ந்த பந்தயம்) என்னவோ எனக்கு வரவில்லை. இருந்தாலும் இதுவரை நான் ஆடியதிலேயே நல்ல கை இதுதான் என்பேன்.

வழக்கம்போல மாமாவின் காபித் தோட்ட வீட்டில்தான் ஜமா. காசு வைத்து ஆடுவதில்லை. புளியங்கொட்டைக்கு மதிப்பு 5, சோழிக்கு 25, ஆளுக்கு மொத்தம் 1000. பிளைண்ட் (சீட்டுப் பார்க்கும் முன்பே இருவர் கட்டியாக வேண்டியது) 5, 10.

டீலர் நான். கையில் டைமன் 9, கிளாவர் 9. 40-க்கு ஏற்றினேன், பிளைண்ட் கட்டிய இருவரும் கூடவே வந்தார்கள். பாட் 120. ஃபிளாப்பில் (எல்லாருக்கும் பொதுவாக நடுவில் விரிக்கும் முதல் மூன்று சீட்டு) விழுந்தது ஸ்பேட் 9, ஆட்டின் 8, ஆட்டின் 6.

கையில் ஜோடி இருக்கும்போது ஃபிளாப்பில் செட் (அதே எண்ணில் மூன்றாவது சீட்டும் சேர்வது) அமைவது சுமார் எட்டரை தடவைக்கு ஒரு தடவை. அபூர்வமாக வந்ததை ஒளித்துவைக்கத்தான் மனசு சொல்லும். முன்பெல்லாம் அப்படித்தான் எதுவும் கட்டாமல் செக் செய்வேன். சும்மா கிடைத்த அடுத்த சீட்டில் யாராவது ஃபிளஷ் (ஒரே இனத்தில் ஐந்து சீட்டு) அடித்துவிட்டு எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போவார்கள். அதனால் எவ்வளவு கட்டுவது என்பதை மட்டும் சேலம் அஸ்தம்பட்டி வீட்டில் இரண்டு வாரம் தனியாகச் சீட்டுப் போட்டுப் பார்த்தேன். ஃபிளஷுக்குக் காத்திருப்பவருக்கு, தெரியாத 47 சீட்டில் ஒன்பது ஆட்டின் சீட்டு மிச்சம். அடுத்த சீட்டிலேயே விழ 19 சதவீதம். நான் 40 கட்டினால், அவர் 40 போட்டு 200 ஆகிற பாட்டுக்கு ஆடுகிறார். 20 சதவீதம் இருந்தால் போதும், கிட்டத்தட்ட நியாய விலை. 80 கட்டினால் 28 சதவீதத்துக்கு மேல் வேண்டும். அது அவருக்குக் கட்டுப்படியாகாது.

80 கட்டினேன். ஒருவர் விலகினார், ஸ்மால் பிளைண்டில் இருந்த அண்ணன் யோசிக்காமல் கட்டினார். பாட் 280.

டர்னில் (நாலாவது பொதுச் சீட்டு) ஆட்டின் 5. இதைவிட மோசமான சீட்டு அதிகம் இல்லை. கையில் ஒரு 7 இருந்தாலே ஸ்ட்ரெயிட் (வரிசையாக ஐந்து எண்), இரண்டு ஆட்டின் இருந்தால் ஃபிளஷ். அண்ணன் 140 கட்டினார். எனக்கு ஃபுல் ஹவுஸுக்கு (ஒரே எண்ணில் மூன்று, இன்னொரு எண்ணில் இரண்டு) ஒன்பது சீட்டு, நாலாவது 9 ஒன்று. 46-ல் 10, அதாவது 22 சதவீதம் கூட இல்லை. கட்ட வேண்டியதோ 25 சதவீத விலை. ஆனால் அமைந்துவிட்டால் ரிவரில் (ஐந்தாவது, கடைசிப் பொதுச் சீட்டு) அவரிடமிருந்து இன்னும் கொஞ்சம் வாங்கலாம் என்று கட்டினேன்.

(இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். மலைப் பனிக்குக் காகிதச் சீட்டு உப்பிவிடுகிறது, கலைக்கவே வரவில்லை. முதல் அக்ரஹாரத்தில் பிளாஸ்டிக் சீட்டு இரண்டு கட்டு வாங்கி வைத்திருக்கிறேன். அடுத்த ஞாயிறு அதில்தான். தட்டுவடை செட் தின்ற கையைக் கழுவாமல் யாரும் தொடக் கூடாது.)

ரிவரில் டைமன் ராணி. அண்ணன் 400 தள்ளினார். இரண்டு ஜோடியோ சின்ன செட்டோ வைத்துக்கொண்டு இந்த போர்டில் (நடுவில் விரிந்த சீட்டுகளில்) அவர் 400 கட்டுகிற ஆளில்லை. மூன்று 9-ஐயும் கவிழ்த்து விலகினேன். 740 மிச்சம்.

அண்ணன் தன் சீட்டைக் காட்டினார்: ஆட்டின் 10, ஆட்டின் 7. ஃபிளாப்பிலேயே ஸ்ட்ரெயிட் அமைந்திருக்கிறது! ராத்திரி கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போதுதான் இன்னொன்று உறைத்தது. நான் எதிர்பார்த்த நாலாவது 9, ஆட்டின் 9. அது விழுந்திருந்தால் எனக்கு நாலு 9, அண்ணனுக்கு ஆட்டினில் 6, 7, 8, 9, 10. அது நாலு 9-ஐயும் அடித்துவிடும். மிச்சமிருந்த 740-ஐயும் கண்ணை மூடிக்கொண்டு தள்ளியிருப்பேன்.