குளத்து மட்டியும் கங்காரு எலியும்

குளக்கரையில் மகள் ஒரு மட்டியை எடுத்தாள். ஓடு இறுக மூடிக்கொண்டது.

"இதுக்குத் தாகம் எடுக்குமாப்பா?"

எடுக்காதும்மா. தண்ணீர்தான் அதுக்குத் தொல்லை. குளத்து நீரைவிட அதன் உடம்பில் உப்பு அதிகம். அதனால் நீர் உள்ளே கசிந்துகொண்டே இருக்கும். ராத்திரி பகல் பாராமல் வெளியே இறைக்க வேண்டும், உப்பை மட்டும் விடாமல்.

அப்புறம் கங்காரு எலியைப் பற்றிச் சொன்னேன். அமெரிக்காவின் சொனோரன் பாலைவனத்தில், தண்ணீரே குடிக்காமல் வாழ்ந்துவிடும். தின்பது உலர்ந்த விதை. அதிலுள்ள மாவுச்சத்து ஒரு கிராம் உடம்பில் எரிந்தால் அரை கிராமுக்கு மேல் நீர் பிறக்கும். மூச்சில் போகும் ஈரத்தைக்கூடக் குளிர்ந்த மூக்குக்குள்ளேயே பிடித்துவிடும். சிறுநீரோ மனிதருடையதைவிட நாலு மடங்கு செறிவு!

ஒன்று இறைத்தே பிழைக்கிறது, இன்னொன்று சேர்த்தே பிழைக்கிறது. நினைக்க நினைக்க எனக்குச் சிலிர்க்கிறது.

மகள் மட்டியை மெதுவாகச் சேற்றில் வைத்தாள். அது ஓட்டைத் திறக்கும்வரை இருவரும் அங்கேயே உட்கார்ந்திருந்தோம்.